பிசிஜிஎஸ் காயின்ஃபேக்ட்ஸ்: வெள்ளி டாலரை அடையாளம் காட்டும், விலையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்

பழைய அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று கைக்கு வந்தால், கூகுளில் கண்டதையும் தேடுவதைவிட காயின்ஃபேக்ட்ஸைத் திறப்பது மேல். நாணயங்களுக்குத் தரம் போடும் பிசிஜிஎஸ் நிறுவனத்தினுடையது. இணையத்திலும் செயலியாகவும் இலவசம். வருடம், அக்கசாலை வாரியாக ஒவ்வொரு நாணயத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. எடை, விட்டம், அடித்த எண்ணிக்கை, பெரிய படங்கள், ஏலத்தில் போன விலை எல்லாம் அதிலேயே இருக்கும். தடுக்கி விழும் இடம் விலைப்பட்டியல். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சரியான பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய வெள்ளி டாலர் வகைகளில் மார்கன் டாலர் 1878 முதல் 1904 வரையும், மறுபடி 1921-லும் அடிக்கப்பட்டது. பீஸ் டாலர் 1921 முதல் 1928 வரை, பிறகு 1934, 1935. ஆக 1921 என்று மட்டும் தேடினால் இரண்டுமே வந்து நிற்கும். கோதுமையும் பருத்தியும் செருகிய கொண்டைத் தலை மார்கன்; கதிர் கிரீடம் வைத்த தலை பீஸ். 1921 மார்கன் ஃபிலடெல்ஃபியாவில் மட்டும் 4 கோடியே 46 லட்சத்துக்கு மேல் அடித்தது. அதே வருட பீஸ் பத்து லட்சத்துச் சொச்சம்தான். மாற்றிப் பார்த்தால் கணக்கே தப்பு.

அடுத்தது அக்கசாலை எழுத்து. மார்கனில் பின்பக்கம், மாலையின் முடிச்சுக்குக் கீழே, 'டாலர்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துக்கு மேலே பாருங்கள். சி.சி. என்றால் கார்சன் சிட்டி, எஸ் சான் பிரான்சிஸ்கோ, ஓ நியூ ஆர்லியன்ஸ், டி டென்வர் (பழைய மார்கனில் 1921 மட்டும்). எதுவும் இல்லாவிட்டால் ஃபிலடெல்ஃபியா. 1878-க்குக் கழுகின் வால் இறகையும் எண்ண வேண்டும். எட்டு இறகு, ஏழு இறகு, எட்டின் மேல் ஏழு என்று தனித்தனிப் பக்கம், தனித்தனி விலை.

பெயருக்குப் பின்னால் டி.எம்.பி.எல். என்று ஒட்டிய பக்கங்களும் கண்ணில் படும். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி எழுத்தைப் பிரதிபலிக்கும் நாணயங்களுக்கு மட்டும் அது. பளபளப்பாக இருக்கிறதே என்று அந்த விலையை எடுத்துக்கொள்ளக் கூடாது. பாலிஷ் போட்ட நாணயமும் பளபளக்கும்.

தரம் பார்க்க இதே நிறுவனத்தின் ஃபோட்டோகிரேடு படவரிசை உதவும். இந்தச் சேவையில் மிக உருப்படியான பகுதி அதுதான் என்பேன். மார்கனில் தேய்மானம் முதலில் தெரிவது கண்ணுக்கும் காதுக்கும் மேலே உள்ள முடியிலும் கழுகின் மார்பிலும். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் டாலர்களில் அதே இடங்கள் புதிதாக இருக்கும்போதே மொண்ணையாக இருக்கும், அச்சு சரியாக அழுந்தாததால். ஒரே விளக்கின் கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். மொண்ணையான இடத்தின் மேலும் ஒளிக்கோடு தடைபடாமல் ஓடினால் அது அச்சுக் குறை. அங்கே மட்டும் ஒளி செத்து, சாம்பல் திட்டாகத் தெரிந்தால் தேய்மானம். இந்த வித்தியாசத்தை நிலையான படம் காட்டாது, கையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு பணம் என்பதற்கு 1884 எஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நன்றாகத் தேய்ந்தது சாதாரண டாலர் விலைக்கே கிடைக்கும். புழங்காத எம்.எஸ். 63 (70 வரை போகும் தர எண்ணில் 63) என்றால் டாலரில் ஐந்து இலக்கம்.

இப்போது விலை. பட்டியலில் இருப்பது பிசிஜிஎஸ் தரம் போட்டு ஸ்லாபில், அதாவது முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில், அடைத்த நாணயத்தின் சில்லறை விலை. உங்களிடம் இருப்பது டப்பாவில் கிடந்த வெறும் நாணயம். யாரோ ஒருமுறை சோடா மாவு போட்டுத் தேய்த்திருந்தால் மெல்லிய கீறல்கள் வரிசையாகத் தெரியும். ஸ்லாபுக்கு அனுப்பினாலும் தர எண் கிடைக்காது, 'டீடெய்ல்ஸ்' என்று எழுதி வரும், பட்டியல் விலை பொருந்தாது. அதனால் பட்டியலை விட்டுவிட்டு ஏல முடிவுகளைப் பாருங்கள், அதிலும் அண்மையில் போனவற்றை மட்டும், நீங்கள் நினைக்கும் தரத்துக்கு ஒரு படி கீழே வைத்து. கடைக்காரர் வாங்கும் விலை அதற்கும் கீழேதான்.

அடிமட்ட விலை உலோகம். 26.73 கிராம், 90 டச் வெள்ளி, ஆக 0.7734 ட்ராய் அவுன்ஸ் சுத்த வெள்ளி. அன்றைய அவுன்ஸ் விலையால் பெருக்கினால் போதும்.

அடித்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 1918-ஆம் ஆண்டு பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கு மேல் வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. எந்த வருடத்து மூட்டை உலைக்குப் போனது என்று கணக்கில்லை. 1903 ஓ அரிது என்று கொண்டாடினார்கள். 1962-இல் கருவூலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வெளியே வந்ததும் விலை சரிந்தது. எத்தனைக்குத் தரம் போட்டார்கள் என்ற எண்ணிக்கையும் முழுசாக நம்பத்தக்கதல்ல. கூடுதல் தரம் வேண்டி ஸ்லாபை உடைத்து மறுபடி அனுப்பியதெல்லாம் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும்.

போலியைப் பிடிக்க செயலி மட்டும் போதாது, தராசு வேண்டும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். தண்ணீர் கிளாஸை வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய நாணயத்தை அடி தொடாமல் முக்குங்கள். நல்ல டாலர் 2.59 கிராம் அளவில் காட்டும். வெள்ளி முலாம் பூசிய செம்பு, அதே எடையில் இருந்தால், 3 கிராமை நெருங்கும். காந்தம் ஒட்டினால் இந்தச் சிரமமே வேண்டாம்.

வெள்ளியே ஆனாலும் எழுத்து ஒட்டப்பட்டிருக்கலாம். வெறும் ஒரு லட்சம் அடித்த 1893 எஸ்ஸுக்கு இது நிறைய நடக்கிறது: ஃபிலடெல்ஃபியாவின் 1893-இல் எஸ் ஒட்டுவார்கள், 1898 எஸ்ஸில் எட்டைச் சுரண்டி மூன்றாக்குவார்கள். அசலில் தலைக்கட்டில் உள்ள 'லிபர்ட்டி'யின் டி எழுத்துக்குள், மேல்பகுதியில், சாய்வாக ஒரு மெல்லிய புடைப்புக் கோடு உண்டு. பத்து மடங்கு லென்ஸில் தெரியும். காயின்ஃபேக்ட்ஸ் படத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

ஸ்லாபோடு வாங்குகிறவர்கள் சான்று எண்ணைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். போலி ஸ்லாபில் உண்மையான எண்ணையே அச்சிடுகிறார்கள், எண் சரியென்றுதான் வரும். அந்த எண்ணுக்கு பிசிஜிஎஸ் தளத்தில் படம் இருந்தால் கன்னத்துக் கீறல் ஒவ்வொன்றையும் கையில் உள்ளதோடு பொருத்திப் பாருங்கள். படம் இல்லாத விலையுயர்ந்த ஸ்லாபை இணையத்தில் முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.