சீந்தில் கொடி என்று நம்பி 1,850 ரூபாய் போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

காலையில்தான் கடைசியாக அந்த மூலிகைக் கடைக்காரர்களோடு பேசினேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

காய்ச்சலில் படுத்து எழுந்த அம்மாவுக்குச் சீந்தில் கஷாயம் கொடுக்கலாம், பொடி வேண்டாம், பச்சைத் தண்டாகப் பாருங்கள் என்றார் எங்கள் சித்த மருத்துவர். மூலிகைச் செடி விற்கும் ஓர் ஆன்லைன் கடைக்கு போன் செய்தேன். "அக்கா, எங்க தோட்டத்து வேப்பமரத்துல ஏறின கொடி. வேம்புச் சீந்தில்னா சும்மாவா?" என்றார் எடுத்தவர். அந்தச் சொல்லில்தான் விழுந்தேன். வேம்பில் படர்ந்த சீந்திலுக்குத்தான் மதிப்பு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். மறுபேச்சில்லாமல் 1,850 ரூபாய் அனுப்பினேன்.

பார்சலைப் பிரித்ததுமே உறுத்தியது. தண்டு முழுக்கப் பாகற்காய்த் தோல் மாதிரி முண்டு முண்டாக இருந்தது. சீந்திலில் சின்னப் புள்ளிகள் உண்டு, இப்படி இருக்காது. மேல்தோல் காகிதம் போல உரியும், உள்ளே பச்சையாக இருக்கும். இதை ஒடித்தால் பால் கசிந்தது. மருத்துவரிடம் ஓடினேன். பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: "இது டினோஸ்போரா கிரிஸ்பா, சீந்தில் மாதிரியே இருக்கும் வேறு கொடி. நமக்கு வேண்டிய அசல் சீந்தில் டினோஸ்போரா கார்டிஃபோலியா. அம்மாவுக்குக் கொடுத்துடாதீங்க."

இரண்டுக்கும் இதய வடிவ இலை, இரண்டும் கசக்கும். ஆனால் கிரிஸ்பா கல்லீரலைப் பாதிக்கலாம் என்று 2021-இல் ஆயுஷ் அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. 1,850 ரூபாய் போனால் போகிறது, அன்றிரவே கஷாயம் வைத்திருந்தால் என் அம்மாவின் கதி?

கடையில் கேட்டால், "வாடினா அப்படித்தான் முண்டு வரும்க்கா." மறுநாள், "ஒடிச்சுட்டீங்களே, எப்படித் திருப்பி எடுக்கிறது?" அப்புறம், "மேனேஜர் கூப்பிடுவார்." மேனேஜர் கூப்பிடவே இல்லை. இன்று காலை நானே விடாமல் அழைத்தபோது, "ஒரு கொடிக்கு இவ்வளவு பேச்சா?" என்று வைத்துவிட்டார்கள். இப்போது என் எண்ணையே பிளாக் செய்திருக்கிறார்கள். என் 1,850 ரூபாய் அவர்களிடம்.

வாங்குபவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சுருக்கமாக: பணம் அனுப்பும் முன் தண்டைக் கிட்டத்தில் காட்டும் படம் கேளுங்கள். முண்டும் பாலும் இருந்தால் தொடாதீர்கள். தெரிந்தவரிடம் காட்டாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். கல்லீரல் தொந்தரவு, சர்க்கரை மாத்திரை உள்ளவர்கள் அசல் சீந்திலையும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

வாசலில் போட்டுவைத்த துண்டுகளில் ஒன்று துளிர்விட்டிருக்கிறது. யாரும் சீந்தில் என்று பறித்துப் போய்விடக் கூடாது, இப்போதே எடுத்து அழிக்கப் போகிறேன்.