தபால் வாக்கு: அனுப்பிய தேதி கணக்கில் வராது, போய்ச் சேர்ந்த நேரம்தான் கணக்கு

தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும், பிள்ளையைப் படையில் சேர்த்திருக்கும் பெற்றோரும், 85 வயதைக் கடந்த பெரியவர் இருக்கும் வீட்டாரும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் நான் விண்ணப்பித்துப் பெற்று, குறியிட்டு, சான்றொப்பமும் வாங்கி அனுப்பிய தபால் வாக்கு எண்ணப்படவே இல்லை. படிவத்தில் பிழை இல்லை, கையெழுத்திலும் குறை இல்லை. கடைசி நாளைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்ட தகவல்தான் தவறு.

நான் சென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். அந்தத் தேர்தலில் வடசென்னைப் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில் விரலில் மை வைக்கும் பணி எனக்குக் கிடைத்தது. என் வாக்கு வேறு தொகுதியில் இருந்ததால், மார்ச் மாதம் முதல் பயிற்சி வகுப்பிலேயே தபால் வாக்குக்கான விண்ணப்பமான படிவம் 12ஐ நிரப்பி, பணி ஆணையின் நகலையும் வாக்காளர் அடையாள அட்டையின் நகலையும் இணைத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது வகுப்பில் வாக்குச்சீட்டு கைக்கு வந்துவிடும் என்றார்கள். அங்கே போனபோது, என் தொகுதிச் சீட்டுகள் இன்னும் வரவில்லை, வீட்டு முகவரிக்குத் தபாலில் வரும் என்றார்கள். ஏப்ரல் 6 அன்று காலையிலிருந்து இரவுவரை ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தேன். வலது கையில் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து விரலை நீட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. என் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்தது ஏப்ரல் 22, வியாழக்கிழமை.

தாமதம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் வாக்கு எண்ணிக்கைக்கு, அதாவது மே 2 ஞாயிற்றுக்கிழமைக்கு, இன்னும் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளில் பாதியை நான் ஒரு கையெழுத்துக்காகச் செலவிட்டேன். தபால் வாக்கோடு செல்லும் 13ஏ என்ற உறுதிமொழிப் படிவத்தில் நாம் கையொப்பமிடுவதை ஓர் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ, நாம் பணிபுரியும் வாக்குச்சாவடியின் தலைமை அலுவலரோ சான்றொப்பமிட்டு உறுதிசெய்ய வேண்டும். தேர்தல் முடிந்துவிட்டதால் தலைமை அலுவலரைத் தேடிப் போக வழியில்லை. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கவும் மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் தொகுதியில் நடந்தது எங்கள் எல்லோர் நினைவிலும் இருந்தது. 2016இல் அங்கே அதிமுகவின் இன்பதுரை திமுகவின் அப்பாவுவை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டார். அந்த எண்ணிக்கையில் 203 தபால் வாக்குகள், சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்று சொல்லித் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தன. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சீட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணச் சொன்னது. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணியும்கூட, உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால் முடிவு அப்போது வெளியிடப்படவில்லை. வாக்களித்தவர்களும் ஆசிரியர்கள், சான்றொப்பமிட்டவர்களும் ஆசிரியர்கள் என்பதால் எங்கள் ஆசிரியர் அறைகளில் அந்த வழக்கைப் பேசாதவர்கள் கிடையாது. நம் சீட்டுக்கும் அந்த கதி வந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில், யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு கையெழுத்து வேண்டும் என்று அலைந்தேன். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. ஞாயிறு முழு ஊரடங்கு. செவ்வாய், 27ஆம் தேதி, ஓர் அரசு மருத்துவர் தம் பணிக்கு நடுவே நின்று கையெழுத்திட்டு முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

அன்று மாலையே, சீட்டு வந்த உறையில் குறிப்பிட்டிருந்த அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எங்கள் வீட்டிலிருந்து அது ஆறு கிலோமீட்டர் தூரம்தான், நேரிலேயே கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் பேசியவர் மிகவும் அன்பாகத்தான் பேசினார். "இந்த நேரத்துல நீங்க எதுக்கு டீச்சர் வெளிய வர்றீங்க? ஸ்பீட் போஸ்ட்ல போட்டுடுங்க. ரெண்டாம் தேதிக்கு முன்னாடி முத்திரை விழுந்திருந்தா போதும், நாங்க எடுத்துப்போம்" என்றார். நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதையே சொன்னார். பெயர் கேட்கவில்லை. பதவியும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை அஞ்சலகத்தில் உறையைக் கொடுத்து ரசீது வாங்கினேன். நகரத்துக்குள்ளேயே போக வேண்டிய தபால் என்பதால் மறுநாள் சேர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இணையத்தில் பார்த்தபோது வியாழன் இரவு அது உரிய பட்டுவாடா அஞ்சலகத்தை அடைந்திருந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் பட்டுவாடா ஆகவில்லை. முத்திரை 28ஆம் தேதியே விழுந்துவிட்டதே என்று நானும் பதற்றமில்லாமல் இருந்தேன். ஞாயிறு காலை 8 மணிக்குத் தொலைக்காட்சியில் தபால் வாக்குகள் எண்ணப்படுவதாக அறிவித்தபோது, அதில் என்னுடையதும் இருக்கும் என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கள் முற்பகல் 11.40க்குத்தான் "பட்டுவாடா செய்யப்பட்டது" என்ற வரி வந்தது.

மறுபடியும் அழைத்தேன். முதலில் எடுத்தவர், அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று முடித்துக்கொண்டார். பிறகு பேசிய மூத்த அலுவலர் ஒருவர்தான் உள்ளபடி சொன்னார். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின்படி, வாக்கு எண்ணிக்கை தொடங்குவதற்கு எனக் குறிக்கப்பட்ட நேரத்துக்கு முன்பே தபால் வாக்கு தேர்தல் நடத்தும் அலுவலரின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பின்னால் வரும் உறை பிரிக்கப்படாமல் தனிக் கட்டாக வைக்கப்படும். எந்தத் தேதியில் அனுப்பினோம் என்பதை விதி பார்ப்பதே இல்லை. என் உறையும் அந்தக் கட்டில் சேர்ந்திருக்கும் என்றார்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்திருந்தால், ஏழு நாள் கழித்து வந்த வாக்கையும் எண்ணுகிறார்கள். அங்கே இருக்கும் என் தம்பி மகள் இதைச் சொன்னபோது, நம் நாட்டிலும் அப்படி வைத்தால் என்ன என்ற ஆதங்கம் எனக்கு வந்தது உண்மை. ஆனால் எண்ணிக்கையை ஒரே நாளில் முடித்து அன்றே முடிவை அறிவிக்கும் நம் முறையில் ஒரு கெடு வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கெடுவின் மீது எனக்குக் கோபம் இல்லை. ஏப்ரல் 22இல் சீட்டைக் கொடுத்துவிட்டு, கெடுவையும் தவறாகச் சொன்னதுதான் என் வருத்தம். அரை மணி நேரத்தில் நான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கக்கூடிய உறை அது.

அதன் பிறகு விதிகள் மாறியிருக்கின்றன. 2023இல் செய்த திருத்தத்தின்படி, தேர்தல் பணியில் இருப்பவர்கள் தபால் வாக்குச்சீட்டை, அவர்கள் வாக்களிப்பதற்கென்றே அமைக்கப்படும் வசதி மையத்திலேயே பெற்று, அங்கேயே குறியிட்டு, அங்கேயே பெட்டியில் போட வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் சென்று பிறகு அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதனால் என் போன்றோரின் பழைய சிக்கல் தீர்ந்தது என்றாலும், கெடு முன்னால் வந்துவிட்டது. வசதி மையம் வாக்குப்பதிவுக்கு முன்பே முடிந்துவிடும். உங்கள் தொகுதிச் சீட்டு அன்று வரவில்லை என்றால், அடுத்து எந்த நாளில், எந்த இடத்தில் கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

படைவீரர்களின் வாக்கு இன்னும் தபாலை நம்பித்தான் இருக்கிறது. சீட்டு இணையவழி வந்துவிடுகிறது, அதை அச்செடுத்துக் குறியிட்டுத் திருப்பி அனுப்புவதோ தபாலில்தான். எல்லையில் இருந்து சென்னைக்கு ஒரு தபால் வர எத்தனை நாளாகும் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். சீட்டு வந்த அன்றே அனுப்பச் சொல்லி உங்கள் பிள்ளைகளிடம் வற்புறுத்துங்கள். எண்ணிக்கை நாள் காலை 8 மணி என்ற கெடு அவர்களுக்கும் பொருந்தும்.

பெரியவர்களுக்கான கெடு வேறு மாதிரி. வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதிக்குரிய வயது 2024 மார்ச்சில் 80இலிருந்து 85 ஆக உயர்த்தப்பட்டது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் இந்த வசதி உண்டு. ஆனால் இதற்கான விண்ணப்பமான படிவம் 12டியைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கை மார்ச் 20இல் வந்தது, வாக்குப்பதிவு ஏப்ரல் 19இல் நடந்தது. வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் இருக்கிறதே என்று காத்திருந்தவர்களுக்கு மார்ச் 25உடன் கதவு மூடிவிட்டது. படிவம் ஏற்கப்பட்டுவிட்டால் வாக்காளர் பட்டியலில் பெயருக்கு எதிரே குறியிட்டுவிடுவார்கள், பிறகு வாக்குச்சாவடிக்குப் போனாலும் வாக்களிக்க முடியாது. அலுவலர்கள் வீட்டுக்கு இரண்டு முறைதான் வருவார்கள். அந்த இரு நாட்களிலும் பெரியவரை மருத்துவமனைக்கோ மகள் வீட்டுக்கோ அழைத்துப் போய்விடாதீர்கள்.

எண்ணும் இடத்திலும் கவனம் வேண்டும். முதலில் 13சி என்ற பெரிய உறையைப் பிரித்து உறுதிமொழியைப் பார்ப்பார்கள். அது இல்லை என்றாலோ, கையொப்பம் இல்லை என்றாலோ, அதிலுள்ள வரிசை எண்ணும் 13பி என்ற சிறிய உறையின் மேலுள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றாலோ, சீட்டு இருக்கும் அந்தச் சிறிய உறையைத் தொடவே மாட்டார்கள். உறுதிமொழியைத் தவறிப்போய்ச் சிறிய உறைக்குள் சீட்டோடு வைத்து ஒட்டிவிடுபவர்கள் எங்கள் பயிற்சி வகுப்பிலேயே இருந்தார்கள்.

நான் வைத்திருந்த ஸ்பீட் போஸ்ட் ரசீதில் இப்போது எழுத்துகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. அந்த வகைத் தாள் வெப்பத்தில் மங்கிவிடும். நல்லவேளையாக அன்றே ஒரு நகல் எடுத்திருந்தேன். அதில் ஏப்ரல் 28 என்ற தேதி தெளிவாக இருக்கிறது. அதையும் இணையத்தில் எடுத்த பட்டுவாடா விவரத்தையும் இணைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து கிடைத்தது. பதில் இதுவரை வரவில்லை.