ஆறு வருடம், ஒரே இ-ரீடர், பத்தாவது புத்தகம்

இப்போது என்ன படிக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ தொடரில் பத்தாவது புத்தகம், 61 சதவீதம். இதே தொடரை 2011இல் காகிதப் புத்தகங்களாக, நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்து படிக்க ஆரம்பித்து, நான்காவதோடு நிறுத்திவிட்டேன். கதை பிடிக்காமல் இல்லை. யார் யார் என்பது மறந்து போனதுதான் காரணம். ஒரு தொகுதியைத் திருப்பிக் கொடுத்து அடுத்தது கைக்கு வர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் பாதிப் பேரின் முகம் மனதிலிருந்து அழிந்திருக்கும்.

2019இல் ஆறு அங்குலத் திரை கொண்ட ஒரு இ-ரீடர் வாங்கினேன். இன்றுவரை அதே கருவிதான். அறிவியல் புனைவும் மிகுபுனைவும் மட்டுமே பெரும்பாலும் படிக்கிற ஒருவனுக்கு இது ஆறு வருடத்தில் என்ன கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

பெரிய வரம் தேடல் வசதி. எடை, வெளிச்சம், பேட்டரி எல்லாம் அதற்கு அப்புறம்தான். ‘வீல் ஆஃப் டைம்’ 14 புத்தகம், முன்கதை ஒன்று தனி, மொத்தம் சுமார் 44 லட்சம் சொற்கள். அதில் ஏஸ் செடாய் என்ற பெண்கள் சபை ஒன்று வருகிறது. ஆறாவது புத்தகத்தில் ஒரு பத்தியில் தலைகாட்டிய ஒருத்தி ஒன்பதாவதில் வந்து நின்று முக்கியமான ஒரு முடிவை எடுப்பாள். ஒவ்வொரு தொகுதிக்கும் பின்னால் அருஞ்சொல் பட்டியல் இருக்கிறது என்றாலும் இவ்வளவு சின்னப் பாத்திரங்கள் எல்லாம் அதில் இருக்க மாட்டார்கள். பெயரின் மேல் விரலை வைத்து அழுத்தி, தேடு என்று கொடுத்தால் அந்தப் புத்தகத்தில் அவள் வந்த இடமெல்லாம் வரிசையாக வந்துவிடும். முதல் இரண்டு இடங்களைப் படித்தாலே போதும், ஆள் நினைவுக்கு வந்துவிடுவாள். ஒரு புத்தகத்துக்குள் மட்டும்தான் தேடும் என்பதால் சில நேரம் முந்தைய தொகுதியைத் திறந்து அங்கே போய்த் தேட வேண்டியிருக்கும், அதையும் சலிக்காமல் செய்கிறேன், ஏனென்றால் 2011இல் இது இல்லாமல்தான் தோற்றேன்.

அகராதியும் இப்படித்தான், ஆனால் எதிர்பாராத விதத்தில் உதவியது. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 1965 நாவலான ‘டியூன்’ படிக்கும்போது புதுச் சொற்கள் கொட்டும். பெரும்பாலான சொற்களுக்கு ‘பொருள் கிடைக்கவில்லை’ என்றுதான் வரும், அவற்றுக்கு ஹெர்பர்ட்டே நூலின் கடைசியில் போட்ட சொற்பட்டியலுக்குத்தான் போக வேண்டும். ஆனால் ‘மஹ்தி’ என்ற சொல்லை அழுத்தியபோது அகராதி இஸ்லாமிய மரபில் அதற்குள்ள பொருளைச் சொன்னது. காகிதத்தில் படித்திருந்தால் அதுவும் அவர் உண்டாக்கிய சொல் என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன். பாலைவன மக்கள் தங்களை மீட்க ஒருவன் வருவான் என்று காத்திருப்பதன் கனம் அந்த ஒரு சொல்லில்தான் எனக்குப் பிடிபட்டது.

அடிக்குறிப்புகள் விஷயத்தில் புத்தகத்துக்குப் புத்தகம் அனுபவம் மாறும். லியு சிசினின் ‘த்ரீ-பாடி பிராப்ளம்’ ஆங்கிலப் பதிப்பில் கென் லியு போட்ட மொழிபெயர்ப்பாளர் குறிப்புகள் சிறியவை, எண்ணைத் தொட்டால் கீழே ஒரு பெட்டியாக வந்துவிடும், படித்துவிட்டுத் தொடரலாம். சீனப் பண்பாட்டுப் புரட்சியில் நடக்கும் முதல் அத்தியாயத்துக்கு அது எனக்கு மிகவும் தேவைப்பட்டது. சூசன்னா கிளார்க்கின் 2004 நாவலான ‘ஜொனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நொரெல்’ அப்படி இல்லை. அதில் சில அடிக்குறிப்புகள் தனிக் கதை அளவுக்கு நீளும். பெட்டியில் நாலு வரி காட்டிவிட்டு நின்றுவிடும், மீதியைப் படிக்கக் கடைசிப் பக்கங்களுக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்த நாவலின் அழகே பக்கத்தின் மேலே ஒரு கதையும் கீழே இன்னொரு கதையும் ஓடுவதுதான். அதைப் பாதியில் நிறுத்திக் காகிதப் பிரதி வாங்கித்தான் முடித்தேன், யாருக்கும் அதையே சொல்வேன்.

வரைபடம்தான் பெரிய இழப்பு. மிகுபுனைவு படிக்கிறவர்களுக்கு வரைபடம் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அர்சுலா லெ குவின் எர்த்ஸீ தீவுக்கூட்டத்தைத் தானே வரைந்துவிட்டுத்தான் அந்தக் கதைக்குள் போனவர். கதாநாயகன் கெட் எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்குப் படகு விடுகிறான் என்று கண்ணால் பார்க்காமல் படித்தால் அந்தக் கடலின் தனிமை பாதிதான் தெரியும். ஆறு அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையில் தீவுகளின் பெயர்கள் எறும்பு மாதிரி இருக்கும். பெரிதாக்கினால் மங்கும், நகர்த்தினால் பழைய படத்தின் நிழல் திரையில் தங்கும். நான் வரைபடத்தை ஏ4 தாளில் அச்செடுத்து நான்காக மடித்துக் கருவியின் உறைக்குள் வைத்துக்கொள்கிறேன். இப்போது அதில் ஜோர்டனின் நாடுகள் இருக்கின்றன, மடிப்புகள் கிழியத் தொடங்கிவிட்டன.

இன்னொன்று, புத்தகத்தின் தடிமன் கையில் தெரியாது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கடைசிப் பகுதியைப் படிக்கும்போது சதவீதத்தைப் பார்த்து இன்னும் கணிசமாகக் கதை இருக்கிறது என்ற நிம்மதியில் போய்க்கொண்டிருந்தேன். சாம் வீட்டுக்கு வந்தான், கதை முடிந்துவிட்டது. மீதி எல்லாம் பின்னிணைப்புகள். விடைபெற மனம் தயாராக இல்லாத நேரத்தில் கதவு மூடியது போலிருந்தது. அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பொருளடக்கத்தைத் திறந்து கடைசி அத்தியாயம் எத்தனையாவது சதவீதத்தில் தொடங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

தமிழ் வாசிப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நேர்த்தியாகச் செய்த மின்னூல் என்றால் எழுத்து அழகாகவே தெரிகிறது. வரியின் இரண்டு ஓரமும் சமமாக இருக்கும்படி வைத்தால் நம் நீளமான சொற்கள் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு நடுவில் பெரிய இடைவெளிகள் விழும், இடது ஓரம் மட்டும் சீராக வைத்தால் சரியாகிவிடும். பழைய நூல்களின் ஸ்கேன் பிடிஎஃப் இந்தத் திரைக்கு ஆகவே ஆகாது. தேடலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ வராது, ‘மர’ என்றுதான் கொடுக்க வேண்டும், கொடுத்தால் மரணமும் மரபும் சேர்ந்து வரும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற ரோபோ நாயைத் தேடுவது சுலபம், ‘ஜீனோ’ என்று போட்டால் ‘ஜீனோவை’, ‘ஜீனோவின்’ எல்லாம் வந்துவிடும். நாய்க்குட்டி பேசும் இடங்களை மட்டும் தேடித் தேடி மறுபடி படித்த மாலைகள் உண்டு. வேற்றுமை உருபைப் புரிந்துகொள்ளும் தேடல் ஒன்று தமிழுக்கு வந்தால் நம் நாவல்களையும் இப்படியே பின்தொடரலாம் என்று ஆசையாக இருக்கிறது.

கருவியின் உடல்நிலை: வாங்கியபோது ஒரு முறை சார்ஜ் செய்தால் மூன்று வாரத்துக்கு மேல் வந்தது, இப்போது எட்டு ஒன்பது நாள். மின்மைத் திரை பக்கம் புரட்டும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும், பேட்டரியைத் தின்பது முன்விளக்கு. நான் இரவில்தான் படிக்கிறேன், ஆகவே இது எதிர்பார்த்ததுதான். பவர் பொத்தானை இப்போது நகத்தால் அழுத்த வேண்டியிருக்கிறது. பழுது பார்க்கக் கொடுத்த ஒரு கடையில் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டுத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள், அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

கடைசியாக, நானும் திருச்சியில் இருக்கும் தங்கையும் ஒரே மின்னூல் கணக்கைப் பகிர்ந்துகொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் முதலில் கேட்பது “அண்ணா, இப்ப என்ன படிக்கிற?” என்பதுதான். அவள் இப்போது ஜெமிசினின் ‘ப்ரோக்கன் எர்த்’ மூன்றாம் புத்தகத்தில் இருக்கிறாள். 2016, 2017, 2018 என்று மூன்று புத்தகமும் வரிசையாக ஹியூகோ விருது வாங்கியவை. கதையின் ஒரு பகுதி முழுக்க ‘நீ’ என்று வாசகரையே விளித்துப் போகிறதாம், மகளைத் தேடிப் போகும் ஒரு தாயின் கதை அப்படிச் சொல்லப்படுவதை இரவில் தனியாகப் படிக்க முடியவில்லை என்றாள். அடுத்து நான் எடுக்கப்போவது அதுதான்.

ஒரே கணக்கு என்பதால் அவள் கோடிட்ட வரிகளும் எழுதிய குறிப்புகளும் என் பக்கத்திலும் தெரியும். ஜோர்டன் தொடரை அவள் போன வருடமே முடித்துவிட்டாள். ஜோர்டன் 2007இல் இறந்த பிறகு அவருடைய குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதிய கடைசி மூன்றும் சேர்த்து. நான் ஒரு புத்தகத்தைத் திறந்தால் கருவி “இன்னொரு கருவியில் 100 சதவீதத்தில் இருக்கிறீர்கள், அங்கே போகவா?” என்று கேட்கும், வேண்டாம் என்று கொடுத்துவிட்டு என் இடத்துக்கு வருவேன்.

பத்தாவது புத்தகம் மெதுவாகப் போகிறது. ஒன்பதாவதின் முடிவில் நடந்த பெரிய நிகழ்வை வெவ்வேறு ஊர்களில் இருந்தவர்கள் எப்படி உணர்ந்தார்கள் என்பதே பக்கம் பக்கமாக வருகிறது. முந்தாநாள் இரவு விட்டுவிடலாமா என்று நினைத்துக்கொண்டே புரட்டினேன். ஒரு பத்தியின் ஓரத்தில் அவள் குறிப்பு இருந்தது: “இங்கதான் நானும் நின்னேன். வா அண்ணா, பதினொண்ணு ஓடும்.”