‘ஒரே பட்டன்ல எல்லாம் வரும்’ என்று சொல்லி 11,650 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள், கிருஷ்ணகிரி மக்களே உஷார்

11,650 ரூபாய். அந்தப் பணம் என் போனிலிருந்து போய் இன்றோடு 12 நாள் ஆகிறது. இன்று காலையில் பெங்களூரிலிருந்து வந்த மாமா பையன் டிவிக்குப் பின்னால் கைவிட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டனில் ஆன் செய்யும் என்று ஒரு கடையில் எனக்கு விற்ற பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். புகார் கொடுக்கப்போவதால் கடைப் பெயர் போடவில்லை. ஹோம் தியேட்டர், புரொஜெக்டர், கேமரா எல்லாம் வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுக்கும் வகைக் கடை, அவ்வளவுதான் சொல்வேன்.

வீட்டில் ஒரு டிவி, பையனுக்கு வாங்கிய பிஎஸ்5 கேம் பெட்டி, கீழ்த்தட்டில் பத்து வருடத்துக்கு மேல் பழசான ஏவி ரிசீவர் (டிவி சத்தத்தை வாங்கிப் பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டி), நாலு ஸ்பீக்கர். எனக்கு ஓசூரில் வேலை. இரண்டாவது ஷிஃப்ட் என்றால் மதியம் கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வீடு. அப்பா மாங்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் பக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்ந்தவர், போன வருடம்தான் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனது. சாயங்காலம் ஏழு மணியானால் பிஎஸ்5-இல் இருக்கும் யூடியூபில் தெருக்கூத்து பார்ப்பார். டிவி ஸ்பீக்கர் சத்தம் அவருக்குப் பிடிக்காது, அந்த முகவீணையும் மத்தளமும் பெரிய ஸ்பீக்கரில் வந்தால்தான் உட்கார்ந்து பார்ப்பார்.

ஆனால் அதற்கு மூன்றை ஆன் செய்ய வேண்டும். கன்ட்ரோலர், டிவி ரிமோட், ரிசீவர் ரிமோட். ரிமோட் இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே நீளம். அம்மா ரிசீவர் ரிமோட்டின் பவர் பட்டன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டி வைத்தார், அது கைபட்டுக் கைபட்டு உரிந்து போகும், திரும்ப ஒட்டுவார். படம் வந்தால் சத்தம் வராது, சத்தம் வந்தால் படம் வராது. அப்பா எனக்கு போன் போடுவார், நான் கம்பெனியில் லைனில் நிற்கும்போது போன் எடுக்க முடியாது. ராத்திரி வந்து பார்த்தால் எதுவும் பார்க்காமலேயே படுத்திருப்பார். ஒரே பட்டனில் மூன்றும் ஆன் ஆக வேண்டும், ஆஃப் ஆக வேண்டும், எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

இதைத்தான் அந்தக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார், நடுவில் போன் வந்தும் எடுக்கவில்லை. அப்புறம் சோபாவில் உட்கார வைத்து, அவர்கள் வைத்திருந்த பிஎஸ்5 கன்ட்ரோலரை என் கையிலேயே கொடுத்து நடு பட்டனை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். டிவி வந்தது, ரிசீவரில் விளக்கு வந்தது, சத்தமும் வந்தது. பக்கத்தில் பச்சை லைட் எரிந்துகொண்டு ஒரு சின்ன இரும்புப் பெட்டி. “இந்த கன்ட்ரோல் பாக்ஸ்தான் சார் எல்லாத்தையும் பேச வைக்குது” என்றார். பெட்டி 6,900, அதற்கென்றே வரும் ஸ்பெஷல் கேபிள் ஒன்று 1,250 வீதம் மூன்று, மாட்டிக்கொடுக்க 1,000. மொத்தம் 11,650. குறைத்துக் கேட்டதற்கு, “ஐயாவுக்காகக் கேக்கறீங்க, லாபமே இல்லாமதான் போடறேன்” என்றார். எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லியே என்னை மடக்கினார்கள். பணம் போனதைவிட இதுதான் எனக்கு எரிகிறது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பையன் வந்தான். நல்லாப் பேசினான், அம்மா கொடுத்த காபியைக் குடித்தான். முதலில் பிஎஸ்5-ஐ நேராக டிவியில் சொருகி செட்டிங்ஸில் என்னவோ செய்தான், அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவருடைய கட்டைவிரலைப் பிடித்து அந்தப் பட்டன் மேல் வைத்து, “ஐயா, இதை மட்டும் அமுக்குங்க” என்றான். அணைந்திருந்த டிவி தானாக எழுந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் நான் போனை எடுத்து ஸ்கேன் செய்தேன். இன்னும் பெட்டியே நடுவில் வரவில்லை, ரிசீவர் ஆன் ஆகவும் இல்லை, அதை நான் கவனிக்கவே இல்லை. பணம் போன சத்தம் கேட்ட பிறகுதான் அவன் பெட்டியை மாட்டினான். டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவில் இருந்த ஆப்டிக்கல் கேபிளை இது இனிமேல் வேண்டாம் என்று சொல்லிச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டான். “பெட்டி அப்டேட் ஆகும்ணா, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுடுங்க, காலையில ரிசீவரும் சேர்ந்து வரும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

காலையில் ஒன்றும் வரவில்லை. ராத்திரி தானாக வந்த டிவிகூட வரவில்லை. கேபிள் டிவி பார்த்தால் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. என் பையன் வேறு பள்ளிக்கூடம் விட்டு வந்து, கேம் மங்கலாகத் தெரிகிறது என்றான். அவன் சொன்ன பிறகு பார்த்தால் 4கே தெளிவில் ஓடிக்கொண்டிருந்தது, அதைவிடத் தெளிவு குறைந்த 1080பி என்று காட்டுகிறது.

புதன்கிழமை போன் செய்தேன், அப்டேட் முடிய ரெண்டு நாள் ஆகும் என்றார்கள். வெள்ளிக்கிழமை செய்தேன், கரன்ட் போய் வந்திருக்கும், அப்டேட் முதலிலிருந்து ஓடும் என்றார்கள். சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. திங்கள்கிழமை உங்கள் ரிசீவர் பழசு சார், அதுதான் பேசமாட்டேன் என்கிறது, எக்ஸ்சேஞ்சில் 18,000-க்கு புதுசு போட்டுவிடலாம் என்றார்கள். பத்தாயிரத்துக்கு மேல் பிடுங்கிக்கொண்டு இன்னும் 18,000 கேட்கிறார்கள். ரிசீவர் என்ன மாடல் என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தானே வாங்கினேன், அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டதும் லைன் கட்.

புதன்கிழமை லீவு போட்டு நேரில் போனேன். மாட்டிய பையன் வேலையை விட்டு நின்றுவிட்டான் என்றார்கள். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், 11,650 வேண்டாம், பெட்டிக்கான 6,900-ஐயாவது கொடுங்கள் என்றேன். பிரித்த பொருள் எடுக்க மாட்டோம் என்றார் கடைக்காரர். பில் கேட்டேன். அப்போதுதான் பார்த்தேன், அன்றைக்குக் கொடுத்தது பில்லே இல்லை, எஸ்டிமேட் என்று மேலே அச்சடித்த துண்டுச்சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, பொருள் பெயர் என்ற இடத்தில் ‘கன்ட்ரோல்’ என்று கிறுக்கியிருக்கிறது. கடைசியில் வேறு வாடிக்கையாளர் உள்ளே வந்ததும், “11,650 ரூபாய்க்குப் போய் இவ்வளவு சத்தம் போடறீங்களே சார்” என்றார். என்னைச் சோபாவில் உட்கார வைத்து போன்கூட எடுக்காமல் பேசிய அதே ஆள். அது எனக்குப் பதினைந்து நாள் சம்பளம்.

இன்று மாமா பையன் வந்தான். பெட்டியின் அடியில் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டி உரித்தான். அடியில் ஒன்றுக்கு இரண்டு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் என்று அச்சடித்திருக்கிறது. ஒரே படத்தை இரண்டு டிவிக்குப் பிரித்து அனுப்புகிற, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான். அது எதையும் பேச வைக்காது. இந்த மாதிரி மலிவு ஸ்ப்ளிட்டர் நடுவில் உட்கார்ந்தால் பெரும்பாலும் கன்ட்ரோல் சிக்னலே அந்தப் பக்கம் போகாதாம். தரமும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான குறைந்த அளவுக்கு இறங்கிவிடுமாம், கேம் மங்கலானது அதனால்தான்.

அவன் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். எச்டிஎம்ஐ கேபிளுக்குள் படம், சத்தம் போக சிஇசி என்று ஒரு தனிக் கம்பி இருக்கிறது, முனையில் 13-வது பின். ஒரு சாதனம் இன்னொன்றை எழுப்புவதும் தூங்க வைப்பதும் அந்த ஒரு கம்பியில்தான். முறையாகச் செய்த எந்த எச்டிஎம்ஐ கேபிளிலும் அது இருக்கும், அதற்கென்று ஸ்பெஷல் கேபிள் கிடையாது. மூன்று கேபிளுக்குக் கொடுத்த 3,750-உம் தண்டம். பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாம்சங் டிவியில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். எங்கள் வீட்டில் ரிசீவர் இத்தனை நாள் தனியாக நின்றதற்குக் காரணம் அந்தப் பழைய ஆப்டிக்கல் கேபிள், அதில் வெறும் சத்தம் மட்டும்தான் போகும்.

பெட்டியை எடுத்துவிட்டு பிஎஸ்5-ஐ நேராக டிவியில் சொருகினான். டிவியில் ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டையிலிருந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட்டுக்கு வீட்டில் கிடந்த பழைய கேபிளைப் போட்டான். ஏஆர்சி 2009-லேயே வந்துவிட்டது, எங்கள் பழைய ரிசீவரிலும் இருக்கிறது. ரிசீவர் மெனுவில் எச்டிஎம்ஐ கன்ட்ரோல் ஆஃப் என்று இருந்ததை ஆன் செய்தான். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ போய் டிவைஸ் லிங்க், ஒன் டச் பிளே, பவர் ஆஃப் லிங்க் மூன்றையும் பார்த்தான், முதல் இரண்டும் ஏற்கெனவே ஆன்! அன்றைக்கு அந்தப் பையன் செய்த வேலை இதுதான். பிஎஸ்5-உம் டிவியும் தாங்களாகவே செய்கிற காரியத்தை அப்பா விரலைப் பிடித்துக் காட்டி என்னிடம் காசு வாங்கியிருக்கிறான். கடையில் நான் பார்த்ததும் இதையேதான் என்று மாமா பையன் சொல்கிறான். சோபாவில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துபோய்ப் பின்னால் எந்த வயர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

இருபது நிமிடம். அப்பா பட்டனை அழுத்தினார், பிஎஸ்5, டிவி, ரிசீவர் மூன்றும் வந்தன. டிவி ரிமோட்டில் டிவியை அணைத்தால் ரிசீவர் அணைகிறது, பிஎஸ்5 ரெஸ்ட் மோடுக்கு, அதாவது முழுசாக அணையாமல் தூங்கும் நிலைக்குப் போகிறது. ஒரு ரூபாய் செலவில்லை.

எல்லாவற்றையும் விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு அதில் இல்லை. கடையில் டெமோ காட்டினால் பெட்டியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் உங்கள் ரிசீவரோடு வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கும்வரை பணம் போடாதீர்கள், மறுநாள் காலையில் வரும் என்றால் பணமும் மறுநாள் காலையில். ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் இல்லாமல் வாங்காதீர்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வைத்திருப்பவர்களும் டிவி அண்ட் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ் உள்ளே எச்டிஎம்ஐ சிஇசி-யை ஒரு தடவை பாருங்கள், காசில்லாமல் முடிந்துவிடலாம். ராத்திரி சுவரில் சுவிட்சை அணைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, எங்கள் அம்மாவும் இடி இடித்தால் அணைத்துவிடுவார். அப்படி அணைத்தால் எதுவும் தானாக எழாது, பிஎஸ்5 ரெஸ்ட் மோடில் இருக்கும்போது கரன்டை நிறுத்துவதும் கெடுதல், மெனுவில் முழுசாக அணைத்துவிட்டு அப்புறம் சுவிட்சுக்குப் போங்கள்.

நாளை முதல் வேலையாக நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப்போகிறேன். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகலாம். ஜிபே ரசீது, துண்டுச்சீட்டு, நீல டிக் விழுந்த வீடியோ, சுரண்டிய ஸ்டிக்கரோடு அந்தப் பெட்டி, எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். இதே பெட்டி கிருஷ்ணகிரியிலோ காவேரிப்பட்டணத்திலோ தர்மபுரியிலோ வேறு யார் வீட்டிலாவது மாட்டியிருந்தால் அடி ஸ்டிக்கரை உரித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.