பாதி விலைக்கு வந்த மூலிகை பாட்டில்

மீன் தீனியில் கலந்து போடுகிற அந்த மூலிகை மருந்து பாட்டில் ஆன்லைனில் பாதி விலைக்கு வந்துவிட்டதாம். "அண்ணே, நீங்கதான் ரொம்ப நாளா போடுறீங்களே, வாங்கவா?" என்று பினாங்கு சுங்கை ஜாவியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். கெலி, அதாவது கெளுத்தி மீன், வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த சரக்குதான்: பூண்டு, மஞ்சள், கொய்யா இலை, நிலவேம்பு. எது எவ்வளவு என்று லேபிளில் கிடையாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அளவு பார்த்துத் தரம் பிரித்து விடும்போது கெலி ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அந்தக் காயங்கள் இப்போது சீக்கிரம் ஆறுகின்றன. வயிற்றில் செம்புள்ளி விழுவதும் குறைந்திருக்கிறது. ஆனால் அதே சமயத்தில்தான் தொட்டியில் நெரிசலைக் குறைத்தேன், தண்ணீரையும் அடிக்கடி மாற்றுகிறேன். புகழ் முழுவதையும் பாட்டிலுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இன்னொரு நிம்மதி: ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை மீனை விற்காமல் வைத்திருக்க வேண்டும். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற மருந்துகளெல்லாம் சாப்பிடும் மீனுக்குத் தடை. மூலிகையில் அந்தத் தலைவலி இல்லை.

சரி, இனி என் வயிற்றெரிச்சல். பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கு ஊற்றிக் கலந்தால் தீனி ஊறி, கையில் பிடித்தாலே பிசுபிசுக்கிறது. தொட்டியில் போட்டதும் பாதி மிதக்கிறது, பாதி கரைந்து அடியில் போய்ப் படிகிறது. மிதக்கும் தீனிக்குக் கூடுதல் காசு கொடுப்பதே எந்த மீன் தின்கிறது, எது ஒதுங்குகிறது என்று பார்க்கத்தானே? அடியில் படிந்தது அழுகி, மீனைச் சோர வைக்கும் அம்மோனியா தண்ணீரில் ஏறும். செம்புள்ளி கொண்டுவருகிற ஏரோமோனாஸ் எங்கிருந்தோ வருகிற கிருமி இல்லை, எப்போதும் தண்ணீரிலேயே இருப்பது. மீன் சோர்ந்தால் புகுந்துகொள்ளும். அதாவது நோயை விரட்ட ஊற்றுகிற மருந்தே நோய்க்குப் பாய் விரித்துப் போடுகிறது! இப்போது பாதி அளவுதான் ஊற்றுகிறேன், மேலே ஒரு கரண்டி பாமாயில் விட்டுப் பிரட்டி, நிழலில் உலர்த்திவிட்டுப் போடுகிறேன். இதை லேபிளில் ஒரு வரி எழுதினால் என்ன கெட்டுவிடும்?

அப்புறம் லேபிளில் போட்டிருக்கும் அந்தக் "குணப்படுத்தும்" என்ற சொல். நோய் முற்றிய கெலி தலையை மேலே தூக்கி, நெட்டுக்குத்தலாகத் தண்ணீரில் தொங்கும். வாய்க்கு நேரே தீனி போட்டாலும் தொடாது. தின்னாத மீனுக்குத் தீனியில் மருந்து கலந்து என்ன பயன்? நன்றாக இருக்கிற மீன்தான் அதையும் தின்னும். முன்காப்பு என்று எழுதியிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.

பூண்டு விஷயத்திலும் சந்தேகம் உண்டு. கிருமியை அடக்கும் அல்லிசின் பூண்டை நசுக்கும்போதுதான் உண்டாகிறது. சூட்டிலும் நாள்படவும் சிதைந்துவிடும். வெயிலில் லாரியேறி, கடையில் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலில் வாடை இருக்கும், அல்லிசின் எவ்வளவு இருக்கும்? வீட்டுப் பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கலந்தால் மலிவு. என்ன, கை நாற்றம் சோப்புக்கும் போகாது, வீட்டில் திட்டு விழும்.

இத்தனைக்கும் நடுவில் மனம் குளிர்ந்தது காசில்லாத ஒரு பொருளால். கெத்தாப்பாங் இலை, நம் நாட்டு வாதுமை. பினாங்குக் கடற்கரைகளில் கொட்டிக் கிடக்கிறது. சண்டை மீன் வளர்க்கிறவர்கள் காலங்காலமாகப் போடுவது. பழுத்து உதிர்ந்து காய்ந்த இலையாகப் பார்த்துக் கழுவிப் போட்டால், அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கித் தண்ணீர் தேயிலைச் சாயத்துக்கு வருகிறது. புதுக் குஞ்சுகள் விடும்போது அந்தத் தண்ணீரில் பதறாமல் இருக்கின்றன. ஒரே குறை, தண்ணீர் கறுத்துவிட்டால் மீன் உடம்பில் புண் இருக்கிறதா என்று தெரியாது. ஒன்றிரண்டை வலையில் அள்ளித்தான் பார்க்க வேண்டும்.

ஆக, தம்பிக்கு என் பதில்: வாங்காதே. நான் அடுத்த பாட்டிலுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன் என்பது வேறு கதை. பாதி விலை ஆயிற்றே.

ஒன்று மட்டும். மீன் தொங்க ஆரம்பித்துவிட்டால் பாட்டிலையும் பூண்டையும் ஓரமாக வைத்துவிடுங்கள். பத்து கவானில் பினாங்கின் இரண்டாவது பாலம் ஏறினால் அந்தப் பக்கம் பத்து மாவுங், மீன்வளத் துறையின் மீன் நோய் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான். போன் போட்டுக் கேட்டுவிட்டு, நோயுள்ள மீனை உயிரோடு, தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டி எடுத்துப் போங்கள். செத்து ஊறிய மீனில் வேறு கிருமிகளும் ஏறிவிடும், எது கொன்றது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.