மாறுகண் ஆபரேஷனுக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயது முடிந்த சமயம், வலது கண் மூக்குப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. "அதிர்ஷ்டக் கண்ணுடா, விடு" என்றார் அம்மா. அதைக் கேட்டு ஒரு வருஷத்தை வீணாக்கியது என் தவறுதான்.

அப்புறம் சேலத்தில் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், பத்து நிமிஷத்தில் ஆபரேஷன் என்றார். வெளியே கவுன்சிலிங் மேஜையில் இருந்த பெண் பேக்கேஜ் 65 ஆயிரம் என்றும், இந்த வாரமே அட்வான்ஸ் கட்டினால் ஐயாயிரம் குறைப்போம் என்றும் சொன்னார். "அந்தக் கண்ணில் பார்வை எப்படி இருக்குங்க? கண்ணாடி வேண்டாமா?" என்று என் மனைவி கேட்டார். "கண் நேரானா பார்வையும் சரியாயிடும்க்கா. சின்னப் பாப்பாவுக்கு எதுக்குக் கண்ணாடி?" என்று பதில் வந்தது. எங்களைக் கவிழ்த்தது அந்தப் பதில்தான். செயினை அடகு வைத்தோம்.

முழு மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். கண் நேராக நின்றது. எட்டு மாதம்தான். மறுபடி உள்ளே இழுத்தது. திரும்பப் போனால், பாதி விலையில் இன்னொரு ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள்.

அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. ஜி.எச். கண் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். கத்தியைப் பற்றிய பேச்சே இல்லை. அட்ரோபின் களிம்பைக் கொடுத்து, மூன்று நாள் வீட்டில் போட்டுவிட்டுக் கூட்டி வரச் சொன்னார்கள். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் பிள்ளை சிணுங்கினாள். ஆனால் அதற்கப்புறம் பார்த்ததில்தான் வலது கண்ணில் பிளஸ் 6, இடது கண்ணில் பிளஸ் 4.5 பவர் இருப்பது தெரிந்தது.

அந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பிளஸ் பவர் அதிகமாக உள்ள குழந்தை, தெளிவாகப் பார்ப்பதற்காகக் கண்ணுக்குள் லென்ஸை இயக்கும் தசையைச் சிரமப்பட்டு முறுக்குகிறது. அப்படி முறுக்கும்போதெல்லாம் கண்கள் சேர்ந்து உள்நோக்கித் திரும்பும். சாதாரணமாகச் சோதித்தால் அந்த முறுக்கு பவரை மறைத்துவிடும். மருந்து போட்டுத் தளர்த்தினால்தான் உண்மையான பவர் வெளியே வரும். சரியான கண்ணாடி போட்டதுமே கண் நேராகிவிடும் பிள்ளைகள் நிறைய. ஒதுங்கிய கண்ணின் படத்தை மூளை கண்டுகொள்ளாமல் விடுவதால் அது சோம்பேறிக் கண் ஆகிவிடுகிறது. ஆபரேஷன் தசையை இடம் மாற்றும், அவ்வளவுதான். பார்வையை எழுப்பாது.

இதில் கொடுமை என்னவென்றால், இப்போது அவளுக்குத் தேவையான கண்ணாடியைப் போட்டால் அந்தக் கண் லேசாக வெளிப்பக்கம் போகிறது. கழற்றினால் உள்ளே வருகிறது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அளவெடுத்துத் தசையை மாற்றிய வேலை இது.

பெரியவர்களுக்கு வருவது வேறு. அடிபட்டோ பழைய புரையாலோ ஒரு கண்ணில் பார்வை போய், அந்தக் கண் ஒதுங்கியிருந்தால், ஆபரேஷன் தோற்றத்துக்காக மட்டுமே. தோற்றத்துக்காகச் செய்துகொள்வதில் தப்பே இல்லை, நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச முடிவது சின்ன விஷயமா? ஆனால் பார்வை வராது, சில வருஷத்தில் கண் மறுபடி விலகலாம் என்பதைக் காசு வாங்கும் முன்பே சொல்ல வேண்டும்.

அதனால் தேதி குறிக்கும் முன் கேளுங்கள்: மருந்து போட்டு பவர் பார்த்தீர்களா? கண்ணாடி போட்டுப் பார்த்தோமா? ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாகப் பார்வை எவ்வளவு? விழித்திரையைப் பார்த்தீர்களா? குழந்தையின் கருவிழி நடுவில் வெள்ளையாக மின்னினால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், அது கண்ணுக்குள் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

சோம்பேறியான வலது கண் வேலை செய்யட்டும் என்று, மகள் இப்போது தினமும் இடது கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் வண்ணம் தீட்டுகிறாள். முதல் வாரம் அழுதாள். போன தடவை பார்வைப் பலகையில் இரண்டு வரி கூடுதலாகப் படித்தாள். இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா என்பதைப் பார்வை தேறிய பிறகு பார்க்கலாம் என்கிறார் டாக்டர். பழைய மருத்துவமனையிடம் கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் தரவில்லை.