பார்சலில் வந்த முட்டைக்கு அடைக்கோழியா, இன்குபேட்டரா?

வேலூர்ப் பக்கம் இப்போது கொல்லையில் நாலு கோழி வளர்க்கிறவர்கள்கூட வெளியூர் முட்டைக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். கொங்குப் பக்கத்துச் சிறுவிடை, சண்டைச் சேவல் வம்சத்து அசீல், மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் என்று எந்தக் கோழி இனமானாலும் போனில் பேசிப் பணம் அனுப்பினால் போதும், அட்டைப்பெட்டியில் முட்டை வந்து இறங்கிவிடுகிறது. அதற்கப்புறம்தான் யோசனையே ஆரம்பிக்கிறது. அடைக்கோழிக்குக் கீழே வைப்பதா, இன்குபேட்டர் என்ற பொரிக்கும் இயந்திரத்தில் வைப்பதா? அல்லது முட்டையை விட்டுவிட்டு ஒரு நாள் குஞ்சாகவே வாங்கியிருக்க வேண்டுமா?

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து வந்த முட்டையைப் பொரிக்க இன்குபேட்டர், பொரித்த குஞ்சை வளர்க்கக் கோழி. அக்கம்பக்கத்து முட்டை என்றால் ஆரம்பம் முதல் கடைசி வரை கோழியே போதும், இயந்திரத்துக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

கோழியா இயந்திரமா என்று வாதாடுகிறவர்கள் பலரும் முட்டை வந்த வழியை மறந்துவிடுகிறார்கள். முட்டை வெளியே வரும் முன்பே, தாயின் உடல் சூட்டில் கரு வளரத் தொடங்கிவிடுகிறது. இட்ட பிறகு முட்டை ஆறியதும் அந்த வளர்ச்சி நின்று கரு உறங்குகிறது. 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் சூட்டில், கூர்முனை கீழே இருக்கும்படி வைத்தால் ஒரு வாரம் வரை நல்ல நிலையில் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்புத் திறன் குறைந்துகொண்டே போகும். ஆனால் முட்டை சூடான இடத்தில் இருந்தால், அடையில் வைக்காமலே கரு அரைகுறையாக வளரும். சித்திரை, வைகாசியில் நம்மூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த நேரத்தில் பஸ்ஸின் லக்கேஜ் அறையில் அரை நாள் கிடந்த முட்டைக்குள் கரு கொஞ்சம் வளர்ந்து, இரவில் ஆறி நின்று, மறுபடி வளர்ந்து, கடைசியில் செத்துப்போகும். வாங்கியவர் அதைக் கருவே சேராத கூமுட்டை என்று நினைத்து, கொடுத்தவரோடு சண்டைக்குப் போகிறார். கொடுத்தவர் நல்ல முட்டையைத்தான் அனுப்பியிருப்பார்.

இரண்டாவது கெடுதல் குலுக்கல். முட்டையின் அகன்ற முனையில் ஓட்டுக்கு அடியில் ஒரு காற்றறை இருக்கிறது. குஞ்சு முதல் மூச்சு விடுவதே அதற்குள்தான். பெட்டியைத் தூக்கிப் போட்டு, கவிழ்த்து வைத்துக் கொண்டுவந்தால் அந்த அறையின் சவ்வு விலகிவிடும். இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல முட்டையில் காற்றறையின் கோடு ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். குலுங்கிய முட்டையை மெதுவாகச் சாய்த்தால், கொத்தனாரின் ரசமட்டத்துக் குமிழி போல அந்த வெளிச்சப் பகுதி பக்கவாட்டில் நகரும். அப்படி நகர்வதாலேயே முட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், பல முட்டைகள் தேறும். பெட்டியைப் பிரித்ததும், அகன்ற முனை மேலே இருக்கும்படி அட்டைத் தட்டில் நிறுத்தி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டுவிட வேண்டும். கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் போய், கிருமி உள்ளே நுழைந்துவிடும்.

வேலூருக்கு ஒரு வசதி உண்டு. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறோம். சென்னையோ கிருஷ்ணகிரியோ பெங்களூரோ, அங்கிருந்து இரவு பஸ்ஸில் ஏற்றினால் காலையில் பஸ் ஸ்டாண்டிலேயே கையில் வாங்கிக்கொள்ளலாம். வீடு தேடி வரும் கூரியரில் அதே பெட்டி இரண்டு, மூன்று கிடங்கு மாறும், மாறும் ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் எறிவார். அதனால் பஸ் பார்சலுக்குத்தான் என் ஓட்டு. ஒவ்வொரு முட்டையையும் செய்தித்தாளில் சுற்றி, கூர்முனை கீழே வைத்து, இடைவெளியில் உமி நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஆந்திராவில் பறவைக் காய்ச்சல் பேச்சு அடிபடும் மாதங்களில் வடக்கிலிருந்து முட்டை வரவழைக்காதீர்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் கெடுபிடி இருக்கும். அது இல்லாவிட்டாலும், நோயை நாமே காசு கொடுத்து வீட்டுக்குள் அழைத்துவரக் கூடாது.

சரி, அடைக்கோழிக்கு வருவோம். நல்ல சிறுவிடைப் பெட்டை செய்கிற வேலையை எந்த இயந்திரமும் முழுசாகச் செய்வதில்லை. முட்டையை அலகால் உருட்டித் திருப்புகிறது, ஓரத்து முட்டையை நடுவுக்குத் தள்ளுகிறது. நாளுக்கு ஒரு தடவை கொஞ்ச நேரம் எழுந்து இரை தின்று, எச்சம் போட்டுவிட்டு, தானாகவே திரும்பிவருகிறது. அந்தக் கொஞ்ச நேரம் முட்டை ஆறினால் ஒன்றும் ஆகாது. கரண்ட் கட் பற்றிய கவலை கிடையாது. கூடையில் மணலோ வைக்கோலோ போட்டு, ஒரு கைப்பிடி வேப்பிலையைத் தூவி, பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்தால் போதும். இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் போடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. போட்டுவிட்டுப் போகட்டும், முட்டைக்கு ஒரு கேடும் இல்லை. கோழிப்பேன் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. பேன் ஏறிய கோழி பாதியில் எழுந்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒடுகத்தூர்ப் பக்கம் காலமெல்லாம் கோழி வளர்க்கும் ஒரு பெரியம்மா என்னிடம் சொன்னார்: “கோழி அதுவா உக்காரணும்பா. நீ முட்டை வாங்கிட்டு வந்துட்டேன்னு அது உக்காராது.” பார்சல் முட்டைக்கு முதல் எதிரியே இதுதான். முட்டை புதன்கிழமை வருகிறது, கோழி அடுத்த அமாவாசைக்குத்தான் உட்காருகிறது என்றால் அதற்குள் முட்டை பழசாகிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. கோழி அடைக்கு உட்கார்ந்த பிறகே ஆர்டர் கொடுங்கள். அதுவரை கடையில் விற்கும் நாமக்கல் முட்டை நாலைந்தை அடியில் வைத்திருங்கள். சேவல் சேராத முட்டை என்பதால் அதில் குஞ்சு வராது, கோழியை உட்கார வைக்க மட்டும் உதவும். பார்சல் வந்து, ஒரு நாள் ஆறிய பிறகு, இரவில் இருட்டில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம்.

இன்னொன்று, கோழி முட்டையைத் தன் இஷ்டத்துக்குத்தான் உருட்டும். காற்றறை விலகிய முட்டைக்கு முதல் சில நாள் நேராக நின்று ஓய்வெடுக்க வேண்டும், அதைக் கோழியிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. கனமான அசீல் பெட்டை முட்டையை மிதித்து உடைப்பதும் நடக்கும். கடக்நாத்தை அதன் முட்டைக்கே நம்ப முடியாது, அடையில் ஒழுங்காக உட்காராத இனம் அது. கடக்நாத் முட்டைக்குச் சிறுவிடையைத்தான் செவிலித்தாயாக வைக்க வேண்டும்.

இனி இன்குபேட்டர். காற்றாடி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். காற்றாடி இல்லாத தெர்மாகோல் பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 அளவுக்கு இருக்கலாம். ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. விலை மலிவான பெட்டியின் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து ஒரு முறை ஒத்துப் பாருங்கள். ஒரு டிகிரி கூடினால் குஞ்சு நாளுக்கு முன்பே வெளிவந்து தொப்புள் மூடாமல் தவிக்கும். ஒரு டிகிரி குறைந்தால் நாள் தள்ளி, சோர்ந்த குஞ்சாக வரும். இரண்டில் மோசமானது சூடு கூடுவதுதான். ஒரு மணி, இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் மேலே போர்வையைப் போர்த்திவிடுங்கள், பெரும்பாலும் தப்பித்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், பெட்டியைச் சூடாக்கும் 60 வாட் பல்பெல்லாம் அதற்கு ஒரு சுமையே இல்லை.

வாங்குகிறவர்கள் யோசிக்காத ஒன்று உண்டு. இந்தப் பெட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. தகரக் கொட்டகையிலோ மொட்டை மாடி அறையிலோ மே மாதம் 39 டிகிரி இருந்தால், பல்பு அணைந்தே கிடந்தாலும் உள்ளே 39 டிகிரிதான். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் இன்குபேட்டர் ஓட்ட வேண்டுமென்றால் தரைத்தளத்தில், வெயில் படாத நடு அறையில் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் பங்குனியிலிருந்து ஆனி முடியும் வரை பார்சல் முட்டைப் பக்கமே போகாதீர்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம், வழியிலும் சூடு இல்லை, வீட்டிலும் இல்லை.

பார்சல் முட்டைக்கு இயந்திரம் ஏன் நல்லது என்றால், எல்லாம் நம் கையில் இருக்கிறது. குலுங்கிய முட்டையை அகன்ற முனை மேலாக அட்டைத் தட்டில் நிறுத்தி வைக்கலாம். இரண்டு, மூன்று நாள் கழித்து, முழுக்க உருட்டாமல் தட்டோடு சேர்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துவிடலாம், நாளுக்கு மூன்று தடவையாவது. ஏழாம் நாள் டார்ச் அடித்தால் நல்ல முட்டையில் ஒரு கரும்புள்ளியிலிருந்து சிவப்பு நரம்புகள் நாலாபக்கமும் கிளைத்து ஓடும், நடுவே ஒரு துடிப்புகூடத் தெரியும். ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் வளர ஆரம்பித்துச் செத்தது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும், வைத்திருந்தால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும். 18ஆம் நாளோடு சாய்ப்பதை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி ஈரப்பதத்தைக் கூட்டி, மூடியைப் பூட்டிவிடுங்கள். 21ஆம் நாள் ஓட்டில் சின்ன விரிசல் விட்டதும் கை பரபரக்கும். திறக்காதீர்கள். விரிசலிலிருந்து வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம், நாம் உரித்தெடுத்தால் ரத்தம் கசிந்து செத்துவிடும்.

பணக் கணக்கு. பன்னிரண்டு முட்டை, ஒன்று 50 ரூபாய், பஸ் பார்சலுக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 750. பயணம் செய்த முட்டையில் பாதி பொரித்தாலே திருப்தி அடைய வேண்டும். ஆறு குஞ்சு என்றால் ஒன்று 125 ரூபாய். உள்ளூர் முட்டையில் முக்கால்வாசி பொரிக்கும், அதற்குப் பார்சல் செலவும் இல்லை. மின்சாரச் செலவு பெரிதில்லை. 60 வாட் பல்பு பாதி நேரம் எரிந்தால் 21 நாளைக்கு 15 யூனிட்தான். அடைக்கோழிக்குச் செலவே இல்லை என்பார்கள், அது சரியல்ல. அடையில் உட்கார்ந்து, குஞ்சை வளர்த்து முடிக்கும் வரை அந்தக் கோழி முட்டையிடாது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு நாள் குஞ்சு வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வனராஜா, கிரிராஜா மாதிரி கலப்பினம் வேண்டுமென்றால் குஞ்சாகத்தான் வாங்க வேண்டும். கொல்லையில் வளரும் கிரிராஜாவின் முட்டையைப் பொரித்தால் தாய் போலவே குஞ்சு வரும் என்று நம்ப முடியாது. பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் இரண்டு நாள் வரை தீனி இல்லாமல் பயணம் தாங்கும், அந்த வகையில் முட்டையைவிடக் குஞ்சு நன்றாகவே பயணம் செய்கிறது. நல்ல பொரிப்பகங்களில் முதல் நாளே மேரெக்ஸ் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசியும் போட்டுவிடுகிறார்கள். நாட்டு இனத்தை வம்சமாகப் பெருக்க நினைப்பவருக்கு மட்டும் முட்டைதான் வழி.

இயந்திரத்தில் பொரித்த குஞ்சை வளர்ப்பதுதான் இன்குபேட்டர்காரர்கள் சறுக்கும் இடம். முதல் வாரம் 35 டிகிரி சூடு கொடுத்து, பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். பல்பைத் தாழ்த்தி உயர்த்தி, ராத்திரி எழுந்து பார்த்து மாளாது. அதே சமயத்தில் வீட்டில் ஒரு கோழி மூன்று வாரமாக அடையில் இருந்தால், இரவில் குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்குள் செருகிவிடுங்கள். விடியும்போது தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும், காக்காயும் கீரியும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளும். பார்சல் முட்டைக்காரர்கள் ஒரு அடைக்கோழியைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எந்த வழியில் வந்த குஞ்சானாலும் ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான சொட்டு மருந்தைக் கண்ணிலும் மூக்கிலும் விட வேண்டும். இது விட்டுப்போனால் அத்தனை பாடும் ஒரே வாரத்தில் போய்விடும். குப்பி ஒன்று நூறு குஞ்சுக்கு மேல் வரும், கலக்கியதும் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் அக்கம்பக்கத்தில் குஞ்சு வைத்திருப்பவர்களோடு பேசி, எல்லாரும் ஒரே நாளில் போடும்படி ஏற்பாடு செய்துகொண்டு, பிறகு கால்நடை மருந்தகத்துக்கு ஐஸ் போட்ட பிளாஸ்கோடு போங்கள்.